ராஜாவைத் தலைகீழாகத் தொங்கவிட்டவள்

மேடை நாற்காலிக்கு மாட்டியிருந்த வெள்ளைச் சாட்டின் உறை வழுக்கிக்கொண்டே இருந்தது. சௌந்தரநாயகி இடது காலைத் தரையில் அழுத்தி ஊன்றி, சரிந்துவிடாமல் உட்கார்ந்திருந்தாள். வலது காலை நம்ப முடியாது. வலது கை மடியில் கிடந்தது, யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன பொருளைப் போல. சென்னையிலிருந்து வந்திருந்த பேராசிரியர் மைக்கின் முன்னால் நின்று, கரூருக்கும் ரோமாபுரிக்கும் இடையே சரக்கு போய்வந்த வழியை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகு போனது, வெள்ளி வந்தது. சரி. அதெல்லாம் சரி. அவர் எப்போது அந்தப் பெயரைச் சொல்வார் என்று இவள் காத்திருந்தாள். காலையில் குளிக்கும்போது அது வந்தது. ஈரத் தலையோடு நின்று சொல்லிப் பார்த்தாள், வழவழவென்று வந்தது, லி, லிவி, கடைசியில் ஒரு ஆ. காரில் ஏறும்போது போய்விட்டது. அதற்குப் பதில் லீலா வந்தாள். லீலா எதிர்வீட்டுக்காரி, அவளுக்கு இங்கே என்ன வேலை. லில்லி வந்தது. லிட்டர் வந்தது. லிங்கேசன் என்று பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன் ஒருவன், இத்தனை வருஷம் எங்கே இருந்தானோ, அவன்கூட வந்து நின்றான். வேண்டியவள் மட்டும் மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். ரோமாபுரி வெள்ளிக் காசில் இருக்கும் அவள் முகம் தெரியும். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால்கள் கடைசல் பிடித்தவை என்று தெரியும். ஒரு கையில் செங்கோல், மறு கையில் இலைக்கிளை. மகன் சக்கரவர்த்தி, திபேரியஸ். மகன் பெயர் வருகிறது பார், கேட்காமலே வருகிறது, அவனுக்கு என்ன, அவன் பெயரைத்தான் காசு முழுக்கச் சுற்றி எழுதி வைத்திருக்கிறார்களே. அம்மாக்காரி பெயர்தான் எங்கேயும் இல்லை. காசின் அந்தப் பக்கத்தில் அவளைச் சுற்றி எழுதியிருப்பதும் மகனுடைய பட்டம்தான், தலைமைப் பூசாரி என்று. அவள் ராணிதானா, இல்லை சமாதானத்துக்கு ரோமர்கள் வைத்திருந்த தேவதையா என்றுகூட இன்றுவரை அறிஞர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். “…திபேரியஸின் தாயார் லிவியா…” என்றார் பேராசிரியர். லிவியா! சௌந்தரநாயகி அதைப் பிடித்துக்கொண்டாள். லிவியா லிவியா லிவியா, உள்ளங்கையில் தண்ணீர் மொண்டு கொண்டுபோகிறவள் போல மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். எவனோ கைதட்ட ஆரம்பித்தான். கூடமே தட்டியது. கைதட்டல் ஓய்ந்தபோது உள்ளங்கை காய்ந்திருந்தது. லீலா உட்கார்ந்திருந்தாள்.

முன்வரிசையில் நல்லசிவம். அவளுடைய புருஷன். மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர், டிரான்ஸ்பார்மர் உறுமினால் தள்ளி நின்று காதைச் சாய்த்துக் கேட்பார், எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார், இப்போது அதே சாய்வில் மேடையிலிருந்த பெண்டாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம். பாவம்தான், ஆனாலும் எரிச்சலாக வந்தது. ஆவணியிலிருந்து அவர் ஒரு நாளும் அவளை விட்டு நகரவில்லை. சோறு பிசைந்து கொடுத்தார், சேலைக் கொசுவத்தை நேராக்கி விட்டார், முடி பின்னக்கூடக் கற்றுக்கொண்டார், கோணல்மாணலாக, ஆனால் பின்னினார். அவள் “எனக்கு…” என்று ஆரம்பித்தால் போதும், “தண்ணியா? காப்பியா? ஃபேன் போடட்டுமா? முதுகு வலிக்குதா கண்ணு?” என்று வரிசையாக எடுத்துக் கொடுப்பார். அதில் ஒன்று சரியாகவும் இருந்துவிடும். அதுதான் பொறுக்க முடியவில்லை. தப்பாக எடுத்துக் கொடுத்தால் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தானே தேடலாம். சரியாக எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தச் சொல் அவருடையதாகிவிடுகிறது, அவள் வாயில் மிச்சம் இருப்பது வெறும் எச்சில். ஆவணியில் அது நடந்தபோது அவர் பக்கத்தில் இல்லை. யாஸ்மின் இருந்தாள், அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் இவளுக்கு அடுத்த காப்பாட்சியர். மேஜையில் அமராவதி ஆற்று மணலிலிருந்து எடுத்த காசுகள், கழுவித் துடைத்துத் துணிமேல் பரப்பியவை. பூதக்கண்ணாடியை வாங்கி ஒரு காசில் இருந்த துளையைப் பார்த்துவிட்டு யாஸ்மினிடம் சொல்லத் திரும்பினாள். உலகத்திலேயே முதல்முறையாக ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது, அதைச் சொல்ல வேண்டும், வாயைத் திறந்தால், “மாடு” என்றாள். “என்னங்க மேடம்?” “மாடு. மாடு கதவு.” யாஸ்மின் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். அவள் சிரிப்பு நின்றதைப் பார்த்துத்தான் தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று சௌந்தரநாயகிக்குப் புரிந்தது. பூதக்கண்ணாடி கையிலிருந்து விழுந்த சத்தம் கேட்டது, ஆனால் கை அதை விட்டது தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் மேலே ஓடிய விளக்குகள். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு, பேச்சுப் பகுதி. டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்தது, அதுதான் கொடுமை, வரும் வழி திறந்தே இருந்தது, போகும் வழிதான் அடைத்துக்கிடந்தது. பேச்சுப் பயிற்சிக்கு வந்த ரெபேக்கா படம் போட்ட அட்டைகளைக் காட்டினாள். குடை. அது குடை என்று தெரியும், மழை தெரியும், கம்பி தெரியும், முதல்முதலாக வேலைக்குப் போன நாளில் பஸ்ஸில் மறந்துவிட்டு வந்த நீலக் குடையின் கைப்பிடியில் இருந்த கீறல்கூடத் தெரியும். “கோயில்” என்றாள். ரெபேக்கா முகம் சுளிக்கவே மாட்டாள். “பேர் வரலேன்னா விட்டுருங்க மேடம். அதோட மல்லுக்கு நிக்காதீங்க. அதைச் சுத்திச் சுத்திச் சொல்லுங்க. மழைக்குப் பிடிக்கிறது, மடக்கலாம், கறுப்பு. போதும், எனக்குப் புரிஞ்சிரும்.” முப்பது வருஷம் நாணயம் படித்தவள், கிரேக்க எழுத்தும் லத்தீன் எழுத்தும் தேய்ந்த வெள்ளியிலிருந்து வாசித்தவள், மழைக்குப் பிடிக்கிறது என்று சொல்லிப் பாராட்டு வாங்கினாள். அன்று ராத்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு வார்த்தை தேவையில்லை என்பது அன்று ஒரு சௌகரியமாக இருந்தது.

சரி என்று சொன்னாயே. அதை நினைக்காதே. நினைக்காதே என்றால் அதுதான் வரும். போன வாரம் வீட்டுக்கு உதவி இயக்குநர் கோவர்த்தனன் வந்திருந்தார், ஆப்பிள் வாங்கிக்கொண்டு, நல்ல மனுஷன். கூடத்தில் உட்கார்ந்து அவரும் நல்லசிவமும் பேசிக்கொண்டிருந்தார்கள், அவளும் உட்கார்ந்திருந்தாள், ஆனால் அவர்கள் பேச்சு அவள் தலைக்கு மேலே ஒரு கொடிக்கயிற்றில் போய்வந்தது. விருப்ப ஓய்வு. மருத்துவக் காரணம். புதுக் கூடத் திறப்பு விழா அன்னைக்கே பொன்னாடை போத்தி மரியாதையா அனுப்பி வெச்சிப்போடலாமுங்க. மேடத்தோட உரையை யாஸ்மின் படிச்சிருவாங்க, மேடம் மேடைல உக்காந்திருந்தாப் போதும். நல்லசிவம் அவளிடம் திரும்பி, “என்ன சௌந்தரா, சரிதானே? அலைச்சல் வேண்டாம், நிம்மதியா இருக்கலாம்” என்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். உடம்பு முழுக்க இல்லை. வயிற்றிலிருந்து எழுந்து வந்தது இல்லை. வாய்க்கு வந்தபோது அது “சரி” ஆகிவிட்டது. சொன்னது தன் காதிலேயே விழுந்தது. திருத்தலாம் என்று மறுபடி வாயைத் திறந்தாள், “சரி, சரி” என்றது வாய். அவர்கள் முகத்தில் நிம்மதி. கோவர்த்தனன் காப்பியைக் குடித்தார். மூளை இப்படிச் செய்யும் என்று ரெபேக்கா சொல்லியிருந்தாள், ஆமாவும் இல்லையும் ஒரே இடத்தில் இருப்பவை, கை மாறி எடுத்துவிடும் என்று. நல்லசிவத்துக்கும் அது தெரியும். தெரிந்தும் ஏன் இன்னொரு தடவை கேட்கவில்லை? கேட்டிருக்கலாமே, ஒருதரம் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கலாமே. அவருக்குப் பயம். அந்த “மாடு கதவு” இன்னொரு தடவை நடந்துவிடும் என்று பயம், ராத்திரியில் எழுந்து அவள் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்ப்பார், அவள் தூங்குகிற மாதிரி இருப்பாள். அவரைக் கோபிக்க முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இரண்டும் ஒன்றாக நெஞ்சில் கிடந்து முட்டிக்கொண்டன. அதோ மேடை ஓரத்து மேஜையில் பொன்னாடை. பச்சை ஜரிகை. செலோபன் கிழிக்காமல் இருக்கிறது. அது தோளில் விழுந்துவிட்டால் முடிந்தது. சுவரெங்கும் ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிய படங்கள் மாட்டியிருந்தார்கள், அவள்தான் தேர்ந்தெடுத்தாள், ஆவணிக்கு முன்னால். பின்னால் வந்த ரோமாபுரி ராணிகள், தலையில் அடுக்கடுக்காகப் பின்னல், இந்த ஊர்க் கல்யாணத்தில்கூட அத்தனை பின்னல் பின்ன மாட்டார்கள். ஒவ்வொருத்திக்கும் காசின் பின்பக்கத்தில் ஒரு தேவதை துணை. மயிலோடு நிற்கிறாள் ஒருத்தி, விளக்கோடு ஒருத்தி, பழங்கள் வழியும் கொம்போடு ஒருத்தி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி. ஜூனோ, வெஸ்தா. தேவதைகள் பெயர் வருகிறது. சபீனா, ஃபாஸ்தினா, டோம்னா. அட, ராணிகள் பெயரும் வருகிறது! வரிசையில் கடைசியிலிருந்து வந்தால் வருமோ. டோம்னா, ஃபாஸ்தினா, சபீனா, அப்புறம், அவர்களுக்கெல்லாம் மூத்தவள், லீலா. சீ.

ஆனால் துளை. துளையை நினைத்ததும் மார்பு லேசாகியது, எப்போதும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அப்படித்தான். அமராவதிக் காசுகளில் சிலவற்றில் சிறு துளை இருந்தது, நூல் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள யாரோ போட்டது. அதில் புதிதாக ஒன்றும் இல்லை, அந்தக் காலத்தில் இங்கே அப்படிச் செய்வார்கள் என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், அவளும் எழுதியிருக்கிறாள். ஆனால் துளை எங்கே போட்டிருக்கிறது என்று யாரும் நின்று பார்க்கவில்லை. காசில் ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறு பக்கம் அந்தப் பெண். இரண்டு அச்சையும் ஒரே நேருக்கு வைத்து அடித்திருக்க மாட்டார்கள், ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு கோணலாக விழுந்திருக்கும். அதனால் துளை போடுகிறவள் ஒரு முடிவெடுக்க வேண்டும். ராஜா நேராக இருக்க வேண்டுமா, அந்தப் பெண் நேராக இருக்க வேண்டுமா? இரண்டும் நடக்காது. சௌந்தரநாயகி காசுகளை ஒவ்வொன்றாக நூலில் தொங்கவிட்டுப் பார்த்தாள். துளை போட்ட காசுகள் எல்லாவற்றிலும், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும், துளை அந்தப் பெண்ணின் தலைக்கு நேர் மேலே இருந்தது. அவள் ஒவ்வொன்றிலும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். திருப்பினால் உலகத்தையே ஆண்டவன் ஒன்றில் மல்லாக்கக் கிடந்தான், ஒன்றில் குப்புறக் கிடந்தான், மற்றவற்றில் தலைகீழாகத் தொங்கினான். அப்போதுதான் யாஸ்மின் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் மாடு. அந்த விஷயத்தை அவள் இன்னும் தன் வாயால் யாரிடமும் சொல்லவில்லை. இடது கையால் தட்டித் தட்டி யாஸ்மினுக்கு எழுதிக் காட்டியதை யாஸ்மின் அழகாகக் கட்டுரையாக்கிவிட்டாள், அவள் கெட்டிக்காரி, நன்றாகப் படிப்பாள், ஆனால் படிப்பாள். ‘துளையிடப்பட்ட நாணயங்களின் தொங்குநிலையை ஆராயுங்கால்’ என்று படிப்பாள். கூடம் கொட்டாவி விடும். இந்த ஊரில், இதே ஆற்றங்கரையில், ஒரு பெண் ஈரக் கையைத் துடைத்துவிட்டு ஒரு வெள்ளிக் காசை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, இவன் வேண்டாம், இவள்தான் எனக்கு வேண்டும் என்று ஊசிமுனையை வைத்தாளே, அந்தக் கணம் எங்கே போகும். நான் சொன்னால்? நான் எப்படிச் சொல்வேன். எழுந்து நின்று “மாடு” என்றால்? மாவட்டமே உட்கார்ந்திருக்கிறது. கல்லூரிப் பெண்கள் செல்போனில் படம் பிடிப்பார்கள். நல்லசிவம் மேடைக்கு ஓடிவருவார். ஓடிவந்து தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார், எல்லாரும் ச்சு கொட்டுவார்கள், ச்சு, எவ்வளவு படிச்சவங்க. வேண்டாம். உட்கார்ந்திரு. கை வியர்த்தது, இடது கைதான், வலது கைக்கு வியர்க்கக்கூட மறந்துபோயிற்று. பெயர் வராமல் எப்படி எழுந்து நிற்பது, பெயரே வராமல்.

பேராசிரியர் முடித்துவிட்டார். கோவர்த்தனன் மைக்குக்கு வந்து தொண்டையைச் செருமினார். “அடுத்ததா, இந்தக் கூடம் உருவாகக் காரணமா இருந்தவங்க, நம்ம சௌந்தரநாயகி மேடம். அவங்க உடல்நிலை எல்லாருக்கும் தெரியும். அவங்களோட உரையை யாஸ்மின் மேடம் வாசிப்பாங்க. அதைத் தொடர்ந்து மேடத்துக்கு நாம ஒரு பாராட்டும், பணி நிறைவு…” யாஸ்மின் தாள்களோடு எழுந்து வந்தாள். பச்சை ஜரிகையை எடுத்து யாரோ செலோபனைக் கிழித்தார்கள், அந்தச் சரசரப்பு மைக்கில் பெரிதாகக் கேட்டது. அந்தச் சத்தம்தானோ என்னவோ. சௌந்தரநாயகியின் இடது கை மேலே போயிருந்தது. வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல நேராக. அவள்தான் தூக்கினாளா என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் தூக்கிய கையைக் கீழே விடவில்லை. யாஸ்மின் நின்றாள். “மேடம்?” “நா,” என்றாள் சௌந்தரநாயகி. “நா. நான்.” யாஸ்மினுக்குக் கண்ணில் சட்டென்று நீர் கோத்தது.  தாள்களை மடித்துக்கொண்டு, மைக்கின் தண்டைத் தளர்த்தி, உயரத்தைக் குறைத்து, அவளுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தாள். வழுக்கும் சாட்டினிலிருந்து எழுந்து நிற்பதற்கு நேரமானது. நின்றாள். முன்வரிசையில் நல்லசிவமும் எழுந்துவிட்டிருந்தார், பாதி எழுந்து, நாற்காலிக் கையைப் பிடித்தபடி. அவர் உதடுகள் அசைந்தன, வணக்கம், வணக்கம் சொல்லு கண்ணு, வ-ண-க்-கம். அவள் அந்த உதடுகளிலிருந்து கண்ணை எடுத்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து கண்ணை எடுப்பதே ஒரு பாரத்தைத் தூக்கி வைப்பதாக இருந்தது. கூடத்தின் கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார இடமில்லாமல் நின்ற பெண்களைப் பார்த்தாள். யார் என்று தெரியாதவர்கள். நல்லது.

“ஒரு… காசு,” என்றாள். குரல் மைக்கில் போய்த் தடித்து, அவளுடையதல்லாத குரலாகத் திரும்பி வந்தது. “வெள்ளி. சின்னது. இவ்ளோ.” கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள். கூடம் அமைதியாக இருந்தது, அந்த அமைதி பயங்கரமாக இருந்தது, அதற்குள் விழுந்துவிடலாம் போல. சுத்திச் சுத்திச் சொல்லுங்க. “இந்தப் பக்கம், ராஜா. தலை. அந்தப் பக்கம், ஒரு பொண்ணு. உக்காந்திருக்கா. ராஜாவோட அம்மா. இல்லன்னா, சாமி. தெரியாது. பேரு…” வந்தாள் லீலா. தள்ளினாள். “பேரு வரல. எனக்கும் வரல. காசுலயும் இல்ல.” யாரோ மெல்லச் சிரித்தார்கள், கேலி இல்லை, அவளுக்குத் தெரிந்தது, கேலிச் சிரிப்பின் சத்தம் வேறு. தைரியம் வந்தது. வேகமாகப் போனாள். “கைல கோல். இந்தக் கைல. இன்னொரு கைல கிளி.” நின்றாள். கிளி இல்லை. அது இலை வைத்தது, மரத்தில் இருப்பது, ஒடிப்பது. “கிளி,” என்றது வாய் மறுபடியும். “கிளி.” அவ்வளவுதான், மாட்டிக்கொண்டது, வண்டிச் சக்கரம் சேற்றில் சுற்றுகிற மாதிரி இனி அதுதான் வரும், கிளி கிளி கிளி, முகம் சூடேறியது, நல்லசிவம் இப்போது முழுதாக எழுந்து நின்றார், அவர் வாய் “கிளை, கிளை” என்று ஊமையாகக் கத்தியது, பச்சை ஜரிகை மேடை ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தது. அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல், பக்கத்தில் நின்றவளிடம் சொல்வதாகத்தான் சொன்னது, ஆனால் அமைதியில் எல்லார் காதிலும் விழுந்தது. “கைல கிளின்னா நம்ம மீனாச்சி மாதிரியா?”

சௌந்தரநாயகி அப்படியே நின்றாள். மண்டைக்குள் என்னவோ திறந்தது. பெயரல்ல. அதைவிடப் பெரிது. இத்தனை மாதம், ஏன் இத்தனை வருஷம், அந்தப் பெண் யார் என்று ரோமாபுரியிடம் கேட்டுக்கொண்டிருந்தாளே! ராணியா, சமாதான தேவதையா என்று புத்தகங்களைப் புரட்டினாளே! ஆற்றங்கரையில் ஊசியை எடுத்தவளுக்கு அந்தப் புத்தகம் ஏது. அவளுக்கு லத்தீன் தெரியுமா, சக்கரவர்த்தியின் அம்மாவைத் தெரியுமா. அவள் பார்த்தது உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை. கையில் கோலும் இலையும் வைத்துக்கொண்டு யாருக்கும் பயப்படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை. அவளைத் தனக்குத் தெரிந்த பெயரால் கூப்பிட்டிருப்பாள். “ஆமா!” என்று கத்தினாள். மைக் கீச்சிட்டது. “ஆமா! அப்படித்தான்! அவ அப்படித்தான் நெனச்சா. கிளி இல்ல அது, இலை. எலை வச்ச…” கையை ஒடிப்பது போலக் காட்டினாள், முன்வரிசையில் இருந்த கல்லூரிப் பெண்கள் ஒரே குரலில் “கிளை!” என்றார்கள், “அதேதான்! ஆனா அவளுக்கு அது என்னவோ. அவ சாமி. அவ ஊரு சாமி. இங்க, நம்ம ஆத்துல.” சொற்கள் கோணலும் மாணலுமாக வந்தன, சில வால் இல்லாமல் வந்தன, சில தலை இல்லாமல் வந்தன, அவள் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. மேஜையில் கழற்றி வைத்திருந்த தண்ணீர்ப் புட்டி மூடியை எடுத்துக் காசாக்கிக் காட்டினாள். “தொளை எங்க போடுவா? ராஜா நேரா நிக்கணும்னா, இங்க. இவ நேரா உக்காரணும்னா, இங்க. ரெண்டும் ஆகாது. ஒண்ணுதான். நான் எல்லாத்தையும் தொங்கவிட்டுப் பாத்தேன். எல்லாத்தையும்.” மூடியைத் திருப்பினாள். “இவ நேரா. எல்லாத்துலயும் இவ நேரா! ராஜா…” சொல் வரவில்லை. வராவிட்டால் போகிறது. மூடியைப் பிடித்திருந்த கையைச் சட்டென்று கவிழ்த்தாள். ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிப்பு பின்னாலிருந்து ஆரம்பித்து, வாசலிலிருந்து, முன்னால் உருண்டு வந்தது. பேராசிரியர் கைதட்டியபடி எழுந்தார், “யாரும் பாக்கலையே, நான்கூடப் பாக்கலையே!” என்று பக்கத்திலிருந்தவர் தோளில் அடித்தார். கல்லூரிப் பெண்கள் விசில் அடித்தார்கள். விழாக்களில் விசில் அடிக்கலாமோ கூடாதோ, அடித்தார்கள்.

கோவர்த்தனன் பொன்னாடையோடு பக்கத்தில் வந்து, சங்கடமாக, மைக்குக்குக் கேட்காத குரலில், “மேடம், சார் சொல்லியிருந்தாரு, இன்னியோட…” என்று இழுத்தார். “இல்லை,” என்றாள் சௌந்தரநாயகி. இந்தத் தடவை சொல் கை மாறவில்லை. அவளே ஒரு நொடி திகைத்துப்போய், சரிபார்ப்பதற்காக இன்னொரு தடவை சொன்னாள். “இல்லை. நான் போகலை. வேலை கெடக்கு.” பொன்னாடையை வாங்கி இடது கையாலேயே உதறி யாஸ்மினின் தோளில் போட்டாள். “கட்டுரை. இவ எழுதினா.” யாஸ்மின் “ஐயோ மேடம்” என்றாள். நல்லசிவம் மேடைப்படியின் கீழே வந்து நின்றிருந்தார். முகம் வெளிறி, நெற்றியில் வியர்வை. அவர் கேட்டிருந்தார், மேடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டதால் எல்லாமே கேட்டிருந்தது. “அன்னைக்கி சரின்னயே சௌந்தரா,” என்றார். குற்றம் சாட்டவில்லை, குழம்பிப்போன மனிதனாகக் கேட்டார். “தப்பா வந்துச்சு,” என்றாள். “நீங்க… திருப்பிக் கேக்கல.”  படியிலிருந்து அவள் இறங்கக் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு இறங்கினாள். 

கூடத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டியில் அந்தக் காசுகள் மெல்லிய நூல்களில் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்குள் கூட்டம் சூழ்ந்துவிட்டது. நெருங்கிப் பார்த்தவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். “ஒண்ணும் தெரியலீங்களே, வெறும் வெள்ளையால்ல இருக்குது,” என்றார் ஒருவர். சௌந்தரநாயகி எட்டிப் பார்த்தாள். மேலே மாட்டியிருந்த விளக்கு நேர் கீழாக அடித்தது, அத்தனை வெளிச்சத்தில் வெள்ளி தன்மேல் இருந்த கோடுகளையெல்லாம் விழுங்கிவிட்டு மொழுக்கென்று மின்னியது. எந்த மடையன் இப்படி மாட்டினான். “ஏங்க,” என்றாள். நல்லசிவம் குனிந்தார். “அந்த லைட்டு. அதை…” சொல் வரவில்லை. கையைக் கூரைக்கு நீட்டினாள், கையை மெல்ல ஒரு பக்கமாகக் கொண்டுபோனாள். அவர் வாய் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் தொண்டையில் அந்தச் சொல் ஏறி இறங்குவது அவளுக்குத் தெரிந்தது, அவருக்கு அது என்ன சொல் என்று நன்றாகத் தெரியும், வாழ்நாளெல்லாம் கம்பி இழுத்து விளக்குப் போட்டவர். ஆனால் சொல்லவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள், யாரோ காப்பி கொண்டுவந்தார்கள், அவர் கை காட்டி நிறுத்தினார். அவள் தேடினாள். அவசரமில்லாமல் தேடினாள். சாவி வந்தது, சாதம் வந்தது, சாமி வந்தது, அவற்றை ஒவ்வொன்றாக நகர்த்தி வைத்தாள். “சாய்ச்சு,” என்றாள். “சாய்ச்சு வைங்க. பக்கத்துலருந்து விழணும்.” “ஆகட்டும்,” என்றார் நல்லசிவம். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, யாரிடமோ ஸ்குரூ டிரைவர் வாங்கி, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினார். கூட்டம் வழிவிட்டுத் தலையை அண்ணாந்து பார்த்தது. திருகாணி ஒன்றைத் தளர்த்தி, விளக்கின் கழுத்தைப் பிடித்து மெல்லத் திருப்பினார். ஒளி பெட்டியின் விளிம்பைத் தாண்டி, நூல்களின் மேல் தவழ்ந்து, பக்கவாட்டில் வெள்ளியைத் தொட்டது. முதலில் முழங்கால் எழுந்தது, சேலை மாதிரி விழுந்த துணியின் மடிப்புகள் எழுந்தன, கோல் பிடித்த கை எழுந்தது, பிறகு முகம். ஒரு காசில், அடுத்ததில், அதற்கும் அடுத்ததில். கூட்டம் “ஆ” என்றது. கண்ணாடிக்குள்ளே அத்தனை பேரும் நேராக உட்கார்ந்திருந்தார்கள்.